தெளிவு பெற்ற பெடல்

ஒலி மாற்றும் பெடல்களைத் திருத்தியமைக்கப் புதிதாகக் கற்றுக்கொண்டிருந்த தயாபரன், தமது கிட்டார் பெடலைத் திறந்து, மின்தேக்கி ஒன்றைத் தலைகீழாகப் பற்றவைத்து மூடினார். மின்சாரம் பாய்ந்ததும் பெடல் உள்ளுக்குள்ளேயே கருகிப்போயிற்று.

அதை அறியாமல் அவர் கிட்டாரை மீட்டினார். விசையைக் காலால் மிதித்தால்தான் பெடல் வேலை செய்யும். பரவசத்தில் மிதிக்க மறந்தார். ஆகவே கிட்டாரின் நாதம் பெடலைத் தீண்டாமல் நேரே ஒலிபெருக்கியைச் சென்றடைந்தது.

"ஆகா, என்ன தெளிவு! எல்லாம் என் கைவண்ணம்!" என்று அவர் பூரித்தார்.

அருகில், திருத்தத்துக்குக் காத்திருந்த பேஸ் கிட்டார் பெடல் நடுங்கியது. "அண்ணே, கருகல் வாடை வருதே! அடுத்தது நான்தான். உண்மையைச் சொல்லுங்க, உள்ளே என்ன ஆச்சு?"

கதறுவதற்கு வாயெடுத்த கிட்டார் பெடல், பாராட்டை நினைத்துக் குரலை மாற்றிக்கொண்டது.

"வாடையா? அது பக்குவத்தின் மணம், தம்பி! முன்பு காட்டுத்தனமாக உறுமிக்கொண்டிருந்தேன். இப்போது என் அடக்கத்தைப் பார். உனக்கு எங்கே புரியப்போகிறது? நீ இன்னும் கம்பெனியில் செய்தபடியே கிடக்கிறாய்."

தயாபரன் திருப்புளியோடு திரும்பியபோது, பேஸ் பெடல் தன் திருகாணிகளைத் தானே தளர்த்திக்கொண்டிருந்தது.