பூவரசியின் கொட்டாங்குச்சி

மூன்றாம் வகுப்பு ஜன்னலோரம் பதினெட்டுக் கொட்டாங்குச்சிகளில் மண் நிரப்பி, ஐஸ் குச்சியில் அவரவர் பெயரை எழுதிச் செருகி, வீட்டிலிருந்து கொண்டுவந்த விதையை ஊன்றச் சொல்லியிருந்தேன். பதினேழு முளைத்துவிட்டன. பூவரசியுடையது மட்டும் வெறும் மண்ணாகவே கிடந்தது. பிரேயர் முடிந்ததும் ஓடிவந்து தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றுவாள். காய்ச்சல் என்று போனவள் ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனாள். அவளுடைய புத்தகப் பையை வாங்கிப்போக அவள் அம்மா இன்று மதியத்துக்கு மேல் வந்தபோது, பூவரசியின் கொட்டாங்குச்சியில் ஒரு கொண்டைக்கடலைச் செடி இரண்டு விரல் உயரத்துக்கு நின்றது. சாப்பாட்டு மணி அடித்த பிறகும் பிள்ளைகள் ஜன்னலோரம் கூடி ஏதோ செய்ததை நான் பார்த்திருந்தேன், கேட்கவில்லை. அந்த அம்மா குச்சியில் இருந்த பெயரைப் படித்தார். மறுபடியும் படித்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“வேலைக்கு நேரமாச்சுன்னு கையில கெடச்ச பொட்டுக்கடலையக் குடுத்து அனுப்பிட்டேன் டீச்சர். வறுத்தது மொளைக்காதுன்னு எனக்குத் தெரியும். ‘இன்னும் வரலம்மா’ன்னு தெனமும் வந்து சொல்லுவா. நாளைக்கு வரும்டின்னு சொல்லிட்டே இருந்தேன்.”

அவர் அந்த இலையை விரலால் தொட்டார். பிறகு என்னைக் கேட்கவில்லை, பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டார்.

“இத அவ பாத்தாளா?”

“பாத்தா ஆன்ட்டி” என்றாள் ஜெசிந்தா, தன்னுடைய காலிக் கொட்டாங்குச்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.