மலையிலிருந்து வினோத் பேசுகிறான்

அது 2008ஆ, 2009ஆ என்று கலீலுக்கு இப்போது நிச்சயமில்லை. மதியம் மூன்று மணிக்குக் கரண்ட் போயிருந்தது, அது மட்டும் தெரியும்.

சேலையூரில், நண்பன் வினோத்குமார் வீட்டு ஹாம் ரேடியோ முன் கலீல் உட்கார்ந்திருக்கிறான். நல்ல பேட்டரியை வினோத் தன் சின்ன செட்டுக்காக இலங்கை மலைக்குத் தூக்கிப் போய்விட்டான். இங்கே இருப்பது பழைய பைக் பேட்டரி. அதில் கேட்கலாம், பேசுவதற்கு மைக்கை அழுத்தினால் செட்டே அணைந்துவிடுகிறது. மலையில் செல்போன் எடுக்காது. இரைச்சலுக்குள்ளிருந்து வினோத் சிரிக்கிறான். "மச்சான், காலுக்குக் கீழ மேகம் போகுதுடா! இன்னும் ரெண்டு நாள் இங்கயே டென்ட் போட்டுடப் போறேன். ஓவர்." வினோத்தின் மனைவி ஜோதிலட்சுமி கலீலின் தோளருகே குனிகிறாள். "சொல்லுங்கண்ணா. அத்தை நாளைக்குத் தாங்க மாட்டாங்களாம், உடனே கிளம்பி வரச் சொல்லுங்க." கலீல் அழுத்துகிறான். டயலின் மஞ்சள் வெளிச்சம் போகிறது. விட்டதும் மெல்லத் திரும்பி வருகிறது. மறுபடி அழுத்தி, விடுகிறான். கேம்ப் ரோட்டில் ஒரு பஸ் விடாமல் ஹார்ன் அடிக்கிறது. "இன்னாடா, துன்னுட்டுத் தூங்கிட்டியா? சரி, அம்மாகிட்ட நான் நல்லா இருக்கேன்னு சொல்லு. கீழ இறங்குறவரைக்கும் இனிமே பேச மாட்டேன்." இரைச்சல் மட்டும் மிஞ்சுகிறது. ஜோதிலட்சுமி மைக்கை வாங்கி வாயருகே வைத்து, "என்னங்க" என்கிறாள்.

வினோத்தின் அம்மா மறுநாள் இறந்தாள். வினோத்தின் தம்பி கொள்ளி வைத்தான். வினோத் ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தான். அவனும் ஜோதிலட்சுமியும் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். கலீல் சேலையூரில்தான் இருக்கிறான்.