ஒரு சாண் இரும்பு

காலை ஒன்பது பத்துக்கு அந்தப் பெண் கடைக்குள் வந்தாள். மெட்டல் டிடெக்டர் வாடகைக்கு வேண்டுமாம்.

கடைக்காரர் யார் வந்தாலும் மூன்று கேள்வி கேட்பார்.

"என்ன மண்ணு?"

"செம்மண்ணுங்க. நல்ல ஈரம்."

"ஆழம்?"

"மூணடி இருக்கலாம்."

"என்ன பொருள்?"

அவள் தோள்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். செருப்பு முழுக்கச் சேறு.

"இந்தச் சின்ன மெஷின் தங்கமா இரும்பான்னு பிரிச்சுச் சொல்லும். ஆனா செம்மண்ணுல குழம்பிடும். அந்தப் பெரிசு எந்த மண்ணுலயும் ஆழமாப் போகும். ஆனா ஆணி கிடந்தாக்கூட கத்தி ஊரைக் கூட்டும். தங்கம்தானே தேடறீங்க?"

"தங்கம் வேண்டாங்க. இரும்பு. ஒரு சாண் நீளம்."

தங்கம் வேண்டாம் என்ற ஆளை இருபது வருடத்தில் அவர் பார்த்ததில்லை. கத்தியா, துப்பாக்கியா? போன வருடம் ஒருவனை நம்பி மெஷினைக் கொடுத்துவிட்டு, ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தவர் அவர்.

"யாரு புதைச்சது?"

"யாரும் புதைக்கலீங்க."

அவர் போனைக் கையில் எடுத்தார். "பையில என்னம்மா இருக்கு? காட்டறியா, போலீசைக் கூப்பிடட்டுமா?"

அவள் ஓர் எக்ஸ்ரேயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கால் எலும்பு. அதன்மேல் ஒரு சாண் நீளத் தகடு, ஆறு திருகாணிகள்.

"மலை சரிஞ்சு வீடு புதைஞ்சு பதினெட்டு நாளாச்சு. தேடினவங்க நேத்தோட கிளம்பிட்டாங்க. என் வீட்டுக்காரர் கால்ல வச்ச தகடு இது. அந்தப் பெரிய மெஷினுக்கு இது கேக்குமா அண்ணே?"