சுண்ணாம்பு அடித்த வீடு

ஆற்றோர வீட்டுச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளக்கறை ஓடியது. அதற்குக் கீழே முட்டையிட வந்தது பல்லி.

"மேலே போயிடு தாயி. போன வெள்ளம் என் உயரத்துக்கு நின்னுச்சு," என்றது கறை. "நாளைக்கு என் மேல சுண்ணாம்பு அடிக்கிறாங்க. அப்புறம் சொல்ல நாதியில்ல."

பல்லி உடனே உத்தரத்துக்கு ஏறிக்கொண்டது.

சுண்ணாம்பு அடித்த மூன்றாம் நாள், தூறலோடு ஒரு குடும்பம் குடிவந்தது. கைப்பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவள் வாசலிலேயே தயங்கினாள். "ஆறு இவ்வளவு பக்கத்துல இருக்கே, பயமா இருக்குங்க."

"இங்கெல்லாம் தண்ணி வராது, செண்பகம்," என்றான் புருஷன்.

"வரும்! வரும்! ஓடிப்போயிடுங்க!" என்று பல்லி தொண்டை கிழியக் கத்தியது.

அவன் முகம் மலர்ந்தது. "கேட்டியா? பல்லியே சொல்லிடுச்சு!"

செண்பகம் பிள்ளையைத் தரையில் இறக்கிவிட்டாள்.