மீன் தலை வைத்தியம்

"செடியை இப்படிக் கொன்னு வச்சிருக்கீங்களே அண்ணே, பாவம் இல்லையா?"

நான் கேட்டதும் பக்கத்து பங்களா தோட்டக்காரர் நல்லமுத்து அண்ணன் தொட்டியை மறைச்சுக்கிட்டு நின்னாரு. அவர் தொட்டியில ரெண்டு பாக்ஸ் செடியும் கருகி நிக்குது. அவங்க மேமும் எங்க மேமும் சீமையிலேர்ந்து ஒரே கப்பல்ல ஆளுக்கு ரெண்டா வரவழைச்சது. குட்டி குட்டி இலை, உருண்டையா வெட்டிவிட்ட செடி. தொட்டிகூட ஒரே மாதிரி.

"மைக்கேலைப் பாரு! போன மாசம் அவனும்தான் தொட்டி மாத்துனான். அவன் செடி எப்படி இருக்கு?" அந்த மேம் கத்துறாங்க.

அந்த மைக்கேல் நான்தான். பள்ளிக்கூடத்துலேர்ந்து ஓடி, பினாங்குத் துறைமுகத்துலேர்ந்து ஓடி, நாசி கண்டார் சோத்துக்கடையிலேர்ந்து துரத்தப்பட்டு, கடைசியா தோட்டக்காரன் ஆனவன்.

நான் தொட்டி மாத்துன கையோட இலை பழுக்க ஆரம்பிச்சுச்சு. "இந்த வேலையும் போச்சுன்னா உன்னை நாகப்பட்டினம் கப்பல்ல ஏத்திருவேன்டா!"ன்னு மச்சான் வேலியோரமா நின்னு கத்துனாரு. மறுநாள் நான் வழக்கம்போல லேட்டா எந்திரிச்சுப் பார்த்தா, ரெண்டு செடியும் தளதளன்னு நிக்குது! கைராசின்னா இதுதான்னு என் கைக்கு நானே முத்தம் குடுத்துக்கிட்டேன்.

அந்தக் கையோடதான் இப்ப வைத்தியம் பார்க்க வந்திருக்கேன்.

"தொட்டியைக் கவுத்துப் பார்த்தாதான் தெரியும் மேம்." டாக்டர் மாதிரி சொன்னேன்.

நல்லமுத்து அண்ணன் தொட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. "வேணாம் தம்பி, நானே மாத்திக்கிறேன்."

"வெக்கப்படாதீங்க லா, அண்ணே. எல்லாருக்குமா கைராசி வரும்?"

புடுங்கிக் கவுத்தேன்.

குப்புன்னு ஒரு நாத்தம். மேம் மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. வேரெல்லாம் கறுத்து அழுகி, அதுக்கு நடுவுல பல்லை இளிச்சுக்கிட்டு மூணு மீன் தலை.

பசார்ல பொறுக்குன மீன் தலையைப் பச்சையா வேருக்கடியில புதைக்கிற ரகசிய வைத்தியம், பினாங்குலயே ஒரே ஒரு மண்டையிலதான் உதிச்சுது. அந்த மண்டை என் கழுத்து மேல வேர்த்துக்கிட்டு இருந்துச்சு.

"எந்தக் கழுதை இதைப் போட்டது?"

"மேம், அந்தக் கழுதை வந்து..."ன்னு வாயைத் தொறந்தேன். என் கால் கட்டைவிரல் மேல நல்லமுத்து அண்ணன் குதிகால் ஏறுச்சு.

"நான்தான் மேம்"னாரு அண்ணன்.

"இதான் உனக்குக் கடைசித் தடவை! மைக்கேல், இவனுக்கு நீ கத்துக்குடு." மேம் உள்ள போயிட்டாங்க.

நான் அவர் பக்கத்துல குந்துனேன். "அண்ணே, அன்னிக்கு ராத்திரி உங்க தொட்டியையா எங்க பங்களாவுல மாத்தி வச்சீங்க?"

"மெதுவாப் பேசு தம்பி. உங்க மச்சான் கத்துனதே வேலி தாண்டி எனக்குக் கேட்டுச்சு." அவர் மீன் தலையை ஒவ்வொண்ணா எடுத்து வாளியில போட்டாரு. "சொல்லுங்க வாத்தியாரே, மண்ணு எவ்வளவு போடணும்?"