ரெண்டு சிகரெட்

பிரேபன் மூச்சைப் பிடித்து, நர்ஸ் நீட்டிய குழாயில் ஊதினார்.

மூச்சில் எவ்வளவு புகை நச்சு இருக்கிறது என்று அளக்கும் கருவி பதினெட்டு என்று காட்டியது. சிகரெட்டைத் தொடாதவர்களுக்கு ஆறைத் தாண்டாது.

"இது மூணாவது தடவை, பிரேபன். சிகரெட் பிடிக்கிறவங்க வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் தர மாட்டாங்க, தீப்பிடிச்சிரும். உண்மையைச் சொல்லுங்க."

மெஷின் இல்லாவிட்டால் அவர் அடுத்த குளிர்காலத்தைப் பார்ப்பது சந்தேகம்தான் என்று டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார்.

பக்கத்தில் இருந்த லிஸ்பெத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னாலேயே விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்த மனுஷன்! இரண்டு மாதமாகத் தினமும் புருஷனின் கோட்டுப் பையைத் துழாவுகிறாள். பெப்பர்மின்ட் மிட்டாயைத் தவிர ஒன்றும் சிக்கவில்லை. சரியான கில்லாடி, எங்கேயோ ஒளித்து வைக்கிறார் என்றுதான் நினைத்தாள். மகன் முன்னாலேயே அவரைப் பொய்யன் என்று திட்டினாள்.

நர்ஸ் பேனாவை எடுத்தாள். "இல்லேன்னா வீட்டுல விறகு அடுப்பு ஏதாச்சும் இருக்கா? புகை சரியா வெளிய போகலேன்னாலும் இப்படிக் காட்டும்."



லிஸ்பெத்தின் அப்பா செங்கல் செங்கல்லாக அடுக்கிக் கட்டிக்கொடுத்த கணப்படுப்பு. ஃபியூன் தீவின் பிப்ரவரிக் குளிரில், சூடு வீணாகப் போய்விடக் கூடாதே என்று, கட்டை கனன்றுகொண்டிருக்கும்போதே புகைபோக்கித் தகட்டை மூடிவிடுவாள். அவருக்காகத்தான். இன்று காலையிலும் மூடினாள். அவருடைய நாற்காலியை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டதும் அவள்தான்.

பிரேபன் அவள் முகத்தைப் பார்த்தார். மேசைக்கடியில் அவள் கையைப் பிடித்து அழுத்தினார்.

"அடுப்பெல்லாம் கிடையாதும்மா. தினம் ரெண்டு சிகரெட். கொட்டகைக்குப் பின்னால. இவளுக்குத் தெரியாது."

நர்ஸ் மெஷினுக்கான படிவத்தில் குறுக்கே கோடு கிழித்தாள். லிஸ்பெத்தைப் பார்த்து, ஐயோ பாவம் என்பதுபோலத் தலையாட்டினாள்.

லிஸ்பெத் வாயைத் திறந்தாள். சொன்னால் மகனுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும். ஒரே ஒரு வார்த்தைதான். பாவி, அது வரவில்லை.

கார் நிற்கும் இடம் ஐம்பது அடிகூட இருக்காது. அதற்குள் பிரேபன் மூன்று தடவை நின்று மூச்சு வாங்கினார். மூன்றாவது தடவை கோட்டுப் பைக்குள் கையை விட்டு, ஒரு பெப்பர்மின்ட்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

லிஸ்பெத் அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். வீடு போய்ச் சேரும்வரை பேசாமல் இருக்க அது போதும்.