ஃபாஞ்சியோவைத் தெரிந்த மாப்பிள்ளை

அன்றைக்கு வினோதினி கட்டியிருந்தது மயில் பச்சையா, மாந்துளிர் நிறமா என்பது இப்போது சரியாக நினைவில்லை. கேட்டால் வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

பெண் பார்க்க வந்த சிதம்பரத்து மாப்பிள்ளை ராஜ்கமல், எதிரே இருந்த கேசரியைத் தொடாமல் பேசிக்கொண்டிருந்தான். பேச்செல்லாம் ஃபார்முலா ஒன் கார் பந்தயம்.

"ஃபாஞ்சியோன்னு அந்தக் காலத்து டிரைவர் ஒருத்தரு. அஞ்சு தடவ சாம்பியன். ஆனா மொத்தமே பத்து ரேஸ்தான் ஜெயிச்சிருக்காரு." சொல்லிவிட்டு வினோதினியைப் பார்த்தான்.

இருபத்துநாலு. ஐம்பத்தோரு ரேஸில் இருபத்துநாலு. தொண்டை வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, புடவைத் தலைப்பில் ஒரு நூலை இழுத்து விரலில் சுற்றினாள் வினோதினி.

கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள் அவள். பாடம் போக மிச்ச நேரமெல்லாம் பந்தயக் கணக்குதான். ஐம்பதுகளில் ஓட்டியவனையும் இன்றைக்கு ஓட்டுகிறவனையும் எந்தத் தராசில் நிறுப்பது என்று தனக்குள்ளேயே வாதாடிக்கொள்வாள். எதிர்வாதம் செய்ய ஓர் ஆள் கிடைத்ததில்லை. மஞ்சக்குப்பத்து வீட்டுக் கூடத்தில் ஃபாஞ்சியோவின் பெயரை வேறொருவர் வாயிலிருந்து கேட்டது அன்றுதான். கேட்ட நொடியே, கட்டினால் இவனைத்தான் கட்ட வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

தை மாதம் வந்த வேறொரு மாப்பிள்ளை ரேஸ் பற்றி என்னவோ அளந்துவிட, அவள் பாதியில் நிறுத்தித் திருத்தினாள். பொண்ணு வாத்தியார் மாதிரி பேசுது என்று தரகர் தங்கராசுவிடம் சொல்லியனுப்பிவிட்டார்கள். அதற்கு முந்திய வரனும் ஏறக்குறைய அப்படித்தான் தட்டிப்போனது. அம்மா ரத்தினம்மாள் இன்று பூ வைத்துவிடும்போதே சொல்லிவிட்டாள்: "கார் பேச்சு வந்தா செவுடு மாதிரி உக்காந்துரு. இதுவும் போச்சுன்னா நான் எங்கனா போயிடுவேன்."

ராஜ்கமல் விடுவதாக இல்லை. ஜெர்மனியில் பழைய நூர்புர்க்ரிங் பந்தயத் தடத்தில் ஒரு சுற்றே இருபத்திரண்டு கிலோமீட்டருக்கு மேல் என்றான். அது சரி. வினோதினிக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த மூச்சிலேயே, மொனாக்கோ ரேஸ் பழைய விமானத் தளம் ஒன்றில் நடக்கிறது என்றான்.

அது இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன். மொனாக்கோவில் ஊருக்குள் தெருவில் ஓட்டுகிறார்கள். டிவியில் ஒரே ஒரு தடவை பார்த்தவர்களுக்குக்கூட அது தெரியும். காபித் தட்டோடு வந்த தங்கை கயல்விழி, குனியும் சாக்கில் அக்காவின் தோளை அழுத்திவிட்டுப் போனாள். வினோதினி தரையைப் பார்த்தாள். அவன் மறுபடியும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கர்வம் கொஞ்சம் அதிகம்தான் போலிருக்கிறது, போகப்போகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

"இப்ப ஓட்டுற ஹாமில்டன் எடுத்த பாயின்ட்ல பத்துல ஒரு பங்குகூட ஃபாஞ்சியோ எடுக்கல. அப்புறம் ரெண்டு பேரையும் எப்படி ஒண்ணா வைக்கிறது?" என்றவன், சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். "நீங்க என்ன சொல்றீங்க?"

அன்றைக்கு ஜெயித்தால் எட்டு பாயின்ட், இன்றைக்கு இருபத்தைந்து. அன்றைக்கு வருஷத்துக்கு ஏழெட்டு ரேஸ், இன்றைக்கு இருபத்துநாலு. இரண்டையும் அப்படியே கூட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதா? இந்த ஒரு தப்பை உடைப்பதற்காகவே அவள் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்திருக்கிறாள். கன்னமெல்லாம் சூடேறியது. வாசற்படியில் நின்ற அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

ராஜ்கமல் காபியை எடுத்துக் குடித்தான். அதன்பிறகு அவன் ரேஸ் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பொண்ணு ஜாஸ்தி பேசாது போல, அடக்கமா இருக்கு என்று அவன் அம்மா பூரித்துப்போனாள். அவர்கள் கார் தெரு திரும்பியதும் ரத்தினம்மாள் மகளுக்குத் திருஷ்டி சுற்றினாள்.

இரண்டு நாள் கழித்து, அமையவில்லை என்று பதில் வந்தது. காரணம் சொல்லவில்லை.

ஆவணியில் ராஜ்கமலுக்கு அண்ணாகிராமத்துப் பெண்ணோடு கல்யாணம் நடந்தது. கயல்விழி வேலை கிடைத்து பெங்களூர் போனாள். வினோதினி அதே பஸ்ஸில் அதே கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். கணக்குப் போடுவதை மட்டும் விட்டுவிட்டாள்.

ஐப்பசியில் தங்கராசு இன்னொரு ஜாதகத்தோடு வந்தார். ரத்தினம்மாள் அதைக் கையில் வாங்கவில்லை. "மொதல்ல அந்தச் சிதம்பரத்துக்காரங்களுக்கு எம் பொண்ணுகிட்ட என்ன கொறன்னு சொல்லுண்ணே. அன்னிக்கு அவ ஒரு வார்த்த எதுத்துப் பேசல."

தங்கராசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொறையெல்லாம் ஒண்ணுமில்லம்மா. தை மாசம் வந்தவன ஒங்க பொண்ணு திருத்துனதக் கேள்விப்பட்டுத்தான், அந்தப் பையனே என்னத் தேடி வந்தான். பாத்தா அந்தப் பொண்ணத்தான் பாக்கணும்னான். அன்னிக்கு வேணும்னே தப்புத் தப்பாப் பேசிப் பாத்திருக்கான்."

உள்ளேயிருந்து வினோதினி நிலைப்படி வரை வந்து நின்றாள்.

"பொண்ண மாத்தி உக்கார வச்சு ஏமாத்திட்டீங்கன்னு போயிட்டாம்மா."